உங்கள் வீட்டுப் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் வரும். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் அதில் அப்பா பெயரை எழுதுவார்கள், இல்லையென்றால் காலியாக விட்டுவிடுவார்கள். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பையனிடம் கூட இருப்பவர்கள் "உங்க குடும்பப் பேர் என்ன?" என்று கேட்டால், "எங்களுக்கு அதெல்லாம் இல்லை, இனிஷியல்தான்" என்கிறான்.

உண்மையில் குடும்பப் பெயர் இருக்கிறது. சான்றிதழில் இல்லை, அவ்வளவுதான். தர்மபுரி, அரூர், பென்னாகரம் பக்கம் கல்யாணப் பேச்சில் "எந்த வகையறா?" என்று கேட்பது அதைத்தான். ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் "மீ இண்டி பேரு ஏமி?" என்பார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வீடுகளில் அது 'மனெ ஹெசரு'. மூன்றும் வீட்டின் பெயரைக் கேட்கும் கேள்விகள்தான். அந்தப் பெயரை எப்படித் தேடுவது, எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சரிபார்ப்பது, எத்தனை குடும்பங்களுக்கு அது இருக்கிறது என்று எப்படி அறிவது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. எல்லோரும் முதலில் அர்த்தம் தேடுகிறார்கள். பெயரை இணையத்தில் தட்டி, ஏதோ ஒரு சமஸ்கிருதச் சொல்லோடு ஒட்டவைத்து, அரச வம்சம் வரை போய்விடுகிறார்கள். அர்த்தம் கடைசியில்தான் வர வேண்டும். முதலில் பெயர், அடுத்து இடம், அடுத்து காகிதம். இந்த வரிசையை மாற்றினால் கிடைப்பது கதை மட்டும்தான்.

படி 1: பட்டம் வேறு, வீட்டுப் பெயர் வேறு

ஒரு தாளில் உங்கள் தாத்தாவின் முழுப் பெயரை, பழைய பத்திரத்தில் எழுதுவது போல எழுதுங்கள். ஊர்ப் பெயர், அவருடைய அப்பா பெயர், சொந்தப் பெயர், கடைசியில் கவுண்டர், செட்டியார், நாயுடு, ரெட்டி என்று ஏதாவது ஒரு பட்டம். அந்தப் பட்டத்தை அடித்துவிடுங்கள். அது உங்கள் தேடலுக்கு உதவாது. 'கவுண்டர்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல சமூகங்கள் அதைப் போட்டுக்கொள்கின்றன. சித்தேரி மலையிலும் கவுண்டர் உண்டு, கீழே சமவெளியிலும் உண்டு. அதை வைத்து ஒரு குடும்பத்தைப் பிடிக்க முடியாது.

1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நாளடைவில் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடும் வழக்கம் பெருமளவு ஒழிந்தது. நல்ல காரியம். ஆனால் அதோடு சேர்த்து, பட்டமே அல்லாத வீட்டுப் பெயரையும் நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம். 'ஏரிக்கரை வீடு', 'மேட்டு வீடு', 'இன்னார் வகையறா' என்பதில் உயர்வு தாழ்வு ஏதும் இல்லை. ஒரு குடும்பம் எங்கே குடியிருந்தது, யாருடைய பிள்ளைகள் என்ற தகவல் மட்டுமே இருக்கிறது.

படி 2: அத்தையிடம் கேளுங்கள்

வீட்டில் வயதான ஆண்கள் இருந்தாலும், முதலில் அப்பாவின் அக்கா தங்கைகளிடம் போங்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்களுக்குப் பிறந்த வீட்டின் அடையாளம் தினமும் தேவைப்பட்டிருக்கும். புகுந்த ஊரில் அவர்களை அழைப்பதே பிறந்த ஊரையோ வீட்டையோ வைத்துத்தான். தெலுங்கு வீடுகளில் பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பின் கணவன் வீட்டு இண்டி பேரு வந்துவிடும், அதனால் பிறந்த வீட்டுப் பெயரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

"நம்ம வம்ச வரலாறு சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். நம்மை ஊரில் என்ன வீடு என்று கூப்பிடுவார்கள்? யாரெல்லாம் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம்? முதல் மொட்டை எந்தக் கோயிலில் அடிப்போம்? இந்த ஊருக்கு முன்னால் எந்த ஊர்? அங்கிருந்து ஏன் வந்தார்கள்? பெண் எடுக்கக் கூடாத வீடுகளின் பட்டியல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே வகையறாவுக்குள் கல்யாணம் இல்லை என்பதால் அந்தப் பட்டியல்தான் உங்கள் குடும்பத்தின் எல்லை.

கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு. பெயரை அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பின்னால் அர்த்தம் தேடும்போது அந்த உச்சரிப்புதான் வேண்டும்.

அப்புறம் மொய் நோட்டு. வீட்டுப் பரணில் பழைய கல்யாண மொய் நோட்டு ஒன்றாவது இருக்கும். ஒரே பெயரில் ஊரில் நாலு பேர் இருந்தால், எழுதுகிறவர் வேறுபடுத்துவதற்காக வீட்டுப் பெயரையோ கொட்டாயின் (ஊருக்கு வெளியே நிலத்தில் அமைந்த குடியிருப்பின்) பெயரையோ சேர்த்தே எழுதியிருப்பார். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை இருந்தாலும் எடுத்து வையுங்கள். அழைப்பவர்களின் பெயர் வரிசை பங்காளிகளைக் காட்டிவிடும்.

படி 3: குலதெய்வக் கோயிலும் வரி நோட்டும்

குலதெய்வம் இருக்கும் ஊர் பெரும்பாலும் உங்கள் முன்னோர் புறப்பட்ட ஊர், அல்லது வழியில் நீண்ட நாள் தங்கிய ஊர். மாசி மகா சிவராத்திரிக்குப் போனால் பங்காளிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். பூசாரியிடம் சாமி கதை கேளுங்கள். ஆனால் அதைவிட முக்கியமானது தலைக்கட்டு வரி நோட்டு. கும்பாபிஷேகத்துக்கோ திருவிழாவுக்கோ கல்யாணமான ஆண் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்குப் போட்டு வசூலித்திருப்பார்கள். எந்த வகையறாவுக்கு எத்தனை தலைக்கட்டு, யார் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். தர்மகர்த்தாவிடம் பணிவாகக் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் வேடியப்பன் கோயில்கள் நிறைய. அவற்றில் பலவற்றில் சாமியாக நிற்பது நடுகல். போரிலோ, மாடு மீட்கும் சண்டையிலோ இறந்த வீரனுக்கு வைத்த கல். சில கற்களில் எந்த அரசன் காலத்தில், யாருடைய சேவகன், பெயர் என்ன என்று எழுத்தும் இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட கற்களைப் பார்க்கலாம். உங்கள் கோயில் கல்லில் எழுத்து தெரிந்தால் அதன் மேல் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்து அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். அதே சமயம், கல்லில் இருப்பவர் நம் நேர் மூதாதை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் கல் நம் குடும்பம் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே அங்கே நின்றிருக்கலாம்.

படி 4: காகிதத்தில் தேடுங்கள்

நிலம் கொஞ்சமாவது இருந்த குடும்பம் என்றால் இந்தப் படி பலன் தரும். அதற்கு நம் மண்ணின் வரலாறே காரணம். நம் பகுதியின் பெரும்பகுதி அடங்கிய பாராமகால், திப்பு சுல்தானிடமிருந்து 1792-ல் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. அப்போது இங்கே வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும்தான் தனித்தனி உழவர் பெயரில் வரி எழுதும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். அதனால் சாதாரணக் குடியானவர் பெயர்கூட வருவாய்க் கணக்கில் ஏறியது.

கையில் இருப்பதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் இன்றைய பட்டா, 'அ' பதிவேடு. இரண்டையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். அடுத்து 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் பதிவேடு. யூ.டி.ஆர். என்று கேட்டால்தான் தாலுகா ஆபீசில் புரியும். அதற்கும் முந்தைய பட்டாதாரர் பெயருக்குப் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைக் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். பல சார்பதிவகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் இருக்கின்றன. அதற்கு முந்தையதற்கு நேரில் மனுப் போட வேண்டும்.

இங்கே பலர் தடுமாறுவது மாவட்டப் பெயரில். தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல். ஆகவே ஊத்தங்கரைக்காரர் ஒருவரின் 1950-ம் வருடப் பத்திரம் சேலம் ஜில்லா என்றும், 1980-ம் வருடப் பத்திரம் தர்மபுரி மாவட்டம் என்றும்தான் இருக்கும். குடும்பம் இடம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். முனியப்பன் மகன் மாதப்பன், மாதப்பன் மகன் முனியப்பன் என்று மாறி மாறி வரும்போது இரண்டு முனியப்பன்களும் பத்திரத்தில் ஒரே ஆள் போலத் தெரிவார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பத்திர வருடம், சர்வே எண், மனைவி பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது.

நிலமே இல்லாத குடும்பமாக இருந்தால்? பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல். பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் காலியாக இருக்கும், அப்பா பெயரையும் கிராமத்தையும் வைத்துத் தேடுங்கள்.

படி 5: இப்போது அர்த்தம்

பெயரும் இடமும் கையில் இருக்கும்போது அர்த்தம் தானாகவே பாதி தெரிந்துவிடும். நம் பக்கத்து வீட்டுப் பெயர்கள் பெரும்பாலும் ஊர், வேலை, ஒரு முன்னோர், நிலத்தில் இருந்த ஏதோ ஒரு அடையாளம் என்று இந்த நாலில் ஒன்றிலிருந்து வந்தவை.

ஊர்ப் பெயர்தான் அதிகம். குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணியில், ஆனால் 'சர்வபள்ளி' என்ற வீட்டுப் பெயர் நெல்லூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயர். குடும்பம் இடம் பெயர்ந்தாலும் பழைய ஊர் பெயரில் தங்கிவிடுகிறது. உங்கள் பெயர் பள்ளி, அள்ளி, பட்டி, கொத்தூர், தொட்டி என்று முடிந்தால் முதலில் வரைபடத்தில் அந்த ஊரைத் தேடுங்கள். ஆந்திராவின் குப்பம் பக்கத்தையும் கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

வேலைப் பெயர் என்றால் மணியக்காரர் வீடு, கர்ணம் வீடு, ஏரி மடை திறந்துவிடும் நீர்க்கட்டி வீடு என்று வரும். பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை 1980-ல் அரசு ஒழித்துவிட்டது. வீட்டுப் பெயர் மட்டும் இன்னும் நிற்கிறது.

முன்னோர் பெயருக்கு நம் ஊரிலேயே அழகான சாட்சி இருக்கிறது, கொட்டாய். ஊரை விட்டுத் தள்ளித் தன் நிலத்தில் ஒருவர் கொட்டாய் போட்டுக் குடியேறுவார். பிள்ளைகள் பெருகிச் சின்ன ஊராகிவிடும், ஊருக்கு அவர் பெயரே நிற்கும். ரேஷன் கார்டில் உங்கள் முகவரி 'இன்னார் கொட்டாய்' என்று இருந்தால், அந்த இன்னார் யார் என்று கேளுங்கள். உங்கள் வகையறாவின் தலைவரே அவராக இருக்கலாம். அல்லது அவரிடம் நிலம் வாங்கியவர்களாக நீங்கள் இருக்கலாம். அதைப் பத்திரம்தான் சொல்லும்.

அடையாளப் பெயர்களில் மூன்று மொழியிலும் படித்துப் பார்ப்பது கட்டாயம். கன்னடத்தில் 'தொட்ட' என்றால் பெரிய, தமிழில் வேறு பொருள். தெலுங்கில் 'குட்ட' சின்னக் குன்று, தமிழில் குட்டை நீர் தேங்கும் இடம். தெலுங்கில் 'பாவி' என்றால் கிணறு. அதைத் தமிழாகப் படித்துவிட்டு வெட்கப்பட்டுப் பெயரை மறைத்த குடும்பம் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். தமிழ் 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆவதையும் நினைவில் வையுங்கள். பள்ளி ஹள்ளியாகி, நம் வாயில் அள்ளியானது அப்படித்தான்.

அர்த்தம் சரியா என்று பார்க்க ஒரே வழி, நிலத்தில் நின்று பார்ப்பது. குன்று என்று அர்த்தம் வந்தால் பழைய ஊரில் குன்று இருக்க வேண்டும்.

படி 6: எத்தனை பேருக்கு இந்தப் பெயர்?

குடும்பப் பெயர்களை உலக அளவில் எண்ணிக் காட்டும் இணையதளங்கள் உண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அவற்றை நம்பாதீர்கள். அங்கே முருகன், குமார், ராஜா எல்லாம் பெரிய 'குடும்பப் பெயர்கள்'. அவை யாரோ ஒருவருடைய அப்பாவின் பெயர்கள், அவ்வளவே. இரண்டு முருகன்களுக்கும் ரத்த சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. ஆந்திரம், தெலங்கானாவில் இண்டி பேரு சான்றிதழிலேயே இருப்பதால் தெலுங்கு வீட்டுப் பெயர்களுக்கு மட்டும் அந்தத் தளங்கள் ஓரளவு உதவும், எந்த மாவட்டத்தில் அந்தப் பெயர் அடர்த்தி என்று ஒரு திசை காட்டும்.

நமக்கு உண்மையான கணக்கு படி 3-ல் எடுத்த வரி நோட்டுதான். இருபது வருட இடைவெளியில் இரண்டு நோட்டு கிடைத்தால், வகையறா எவ்வளவு பெருகியது, எந்தெந்த ஊருக்குப் பிரிந்தது என்பதும் தெரிந்துவிடும்.

படி 7: எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதி, அல்லது எந்தப் பத்திரம் என்று குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கொடிவழியில் பெண்களின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். அத்தைதானே இதையெல்லாம் சொன்னார்.

வீட்டுப் பெயரை அரசு ஆவணத்தில் கொண்டுவர ஆசைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்றம் செய்து, பிறகு ஆதார், பான், வங்கி, சான்றிதழ் எல்லாவற்றையும் அதன்படி மாற்ற வேண்டும். ஏற்கெனவே எல்லா ஆவணமும் அப்பா பெயரோடு ஒத்துப்போகிறவர்கள் அதில் கைவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாஸ்போர்ட்டில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். அதற்குப் பதில் அடுத்த கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு மேலே இரண்டு வகையறாப் பெயரையும் அச்சடியுங்கள். நோட்டைப் படம் எடுத்துப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். விட்டுப்போன பெயர்களை அன்றைக்கே நாலு பேர் சொல்வார்கள்.