புதிய மெமரி பொருட்கள்: புராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியலோ எலெக்ட்ரானிக்ஸோ படித்துக்கொண்டு, புதிய மெமரி பொருட்களில் புராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அதிகம் நடக்கும் தவறு, வளையத்தைப் பார்த்ததும் நம்பிவிடுவது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னேற்றத்தை வரைந்தால் ஒரு வளையம் வரும். உடனே ‘ஃபெர்ரோஎலக்ட்ரிக்’ (மின்னழுத்தத்தை எடுத்த பின்பும் அது காட்டிய திசையை நினைவில் வைக்கும் பொருள்) என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள். 2008இல் ஜேம்ஸ் ஸ்காட் என்ற இயற்பியலாளர் வாழைப்பழத் தோலில் மின்முனை வைத்து இப்படியொரு வளையத்தை எடுத்தே காட்டினார். தோல் எதையும் நினைவில் வைப்பதில்லை. கசியும் மின்சாரம்தான் வளையத்தை உப்ப வைக்கிறது. முனைகள் கூர்மையாக இல்லாமல் உருண்டிருந்தால் கசிவைச் சந்தேகப்படுங்கள். ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு மின்னழுத்தத் துடிப்பு கொடுத்துப் பாருங்கள். முதலாவதில் திசை மாறும் மின்னேற்றம், கசிவு எல்லாம் சேர்ந்து வரும். இரண்டாவதில் திசை மாற்றம் இருக்காது. கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்கு வேண்டியது. முடிந்தால் ஒரு சிறுமலைப் பழத் தோலையும் அளந்து பாருங்கள், கண் பழகிவிடும்.

அடுத்தது, பெயரை மட்டும் பார்த்துப் பொருள் வாங்குவது. ஹாஃப்னியம் ஆக்ஸைடும் ஃபெர்ரோஎலக்ட்ரிக் என்று படித்துவிட்டு, பவுடர் வாங்கி, பெல்லட்டாக (வில்லையாக) அழுத்தி, உலையில் வைத்தால் ஒன்றும் நடக்காது. அப்படிச் சொன்ன, 2011இல் வெளியான முடிவு, சிலிக்கான் கலந்த, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தைப் பற்றியது. சாதாரணப் பவுடரின் படிக அமைப்பே வேறு. பெல்லட் வசதி மட்டும்தான் இருக்கிறதென்றால் பெல்லட்டிலேயே ஃபெர்ரோஎலக்ட்ரிக்காக இருக்கும் பேரியம் டைட்டனேட்டை எடுங்கள். கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது.

‘இனி ரேமின் கதை முடிந்தது’ என்று முன்னுரை எழுத வேண்டாம். இன்டெலும் மைக்ரானும் 2015இல் பெரிதாக அறிவித்த 3டி எக்ஸ்பாயின்ட் என்ற புதிய வகை மெமரியை, 2022இல் இன்டெலே கைவிட்டது.

அப்புறம் வெப்பம். நம் ஊர் சித்திரை வெயில் 40 டிகிரி; சிப்புக்கு அது பெரிய விஷயமே இல்லை. தரவு 85 டிகிரியில் பத்து ஆண்டு நிற்குமா என்பதுதான் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. ஜெர்மேனியம், ஆன்டிமனி, டெலூரியம் கலந்த பொருள், படிகமாகவும் படிகமற்றதாகவும் மாறித் தரவைப் பதியும். ஆனால் சுமார் 150 டிகிரியிலேயே அது படிகமாகிவிடும். போர்டில் சிப்பை சால்டர் செய்யும்போது சூடு 240 டிகிரியைத் தாண்டும். முன்பே பதிந்த தரவெல்லாம் அங்கேயே போய்விடும். ஜெர்மேனியத்தைக் கூட்டினால் தாங்கும், ஆனால் படிகமாகும் வேகம் குறைந்து, எழுதுவது மெதுவாகும். அறை வெப்பநிலை முடிவோடு, வெப்பம் தாங்குவது, எழுதும் வேகம் இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போடுங்கள்.