உவர்மலை வளவில் மண் அரிப்பு: என் அனுபவம்
மாரி தொடங்கினால் திருகோணமலை உவர்மலைச் சரிவிலுள்ள எங்கள் வளவில் பள்ளம் விழும். மண் முழுக்கக் கீழ் ஒழுங்கையில் கிடக்கும். மண்மூட்டை அடுக்கினோம், தண்ணீர் பக்கத்தால் சுற்றி ஓடிக் கரையையும் அறுத்தது. கொங்கிரீட் போட்டோம், அடியில் குடைந்தது.

பிறகுதான் கவனித்தேன், பள்ளத்தின் தலை, அதாவது அது தொடங்கும் மேல்முனை, மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழும் விளிம்பின் அடிமண் கரைய, மேல்மண் புல்லோடு இடிந்து விழுகிறது.

சரி என்று தலைப்பகுதியிலேயே கருங்கல் பரப்பி, குறுக்கே முழங்கால் உயரத்தில் கல்வரம்பு கட்டினேன். வரம்பின் நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு சாண் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மறுபடி பக்கத்தால்தான் போகும். மேசன்மார் வடிவில்லையென்று நிரவப் பார்ப்பார்கள், விடாதீர்கள். மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒரே மட்டத்தில் வெட்டிவேர் நெருக்கி நட்டேன்.

இந்த மாரிக்கு வண்டல் வரம்புக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. அப்பாடா! வெட்டிவேரின் இளங்குருத்தை மாடு கடிக்கும், வேலி போட்டுவிடுங்கள்.