சம்பளத்தில் வரி பிடித்தார்கள், அரசுக்குக் கட்டவில்லை: உங்களுக்கு டிமாண்ட் வந்தால் என்ன செய்வது?

திண்டுக்கல்லில் வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பஞ்சாலை சூப்பர்வைசர்கள், தனியார் பள்ளி ஆசிரியர்கள் அதிகம். "சம்பளத்துல பிடிச்சுட்டாங்க சார், மறுபடியும் நான் எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டபடி யாராவது ஒருவர் டிமாண்ட் நோட்டீஸோடு (வரி பாக்கி கட்டச் சொல்லும் அறிவிப்பு) வந்து நிற்பார். நியாயமான கேள்வி. சட்டமும் அவர் பக்கம்தான். அதை யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று தெரியாததால்தான் பலர் கட்ட வேண்டாத பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

முதலில் எதிரே இருப்பது யார் என்று பாருங்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-வது பிரிவு. அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றுகிறது. வசூலிப்பது நிதி அமைச்சகத்தின் கீழ் உள்ள வருமான வரித் துறை. உங்கள் முதல் அப்பீலைக் கேட்கும் ஆணையரும் அதே துறை அதிகாரிதான். அதற்கு மேலே உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மட்டும் சட்ட அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 1941 முதல் இருக்கிற அமைப்பு அது. துறைக்கு வெளியே உங்கள் வழக்கு முதன்முதலில் கேட்கப்படுவது அங்கேதான். அங்கே எடுத்துப் போகும்படியான காகிதங்களை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நோட்டீஸ் வந்ததும் அதிலுள்ள டின் (DIN) என்ற ஆவண அடையாள எண்ணை வருமான வரி இணையதளத்தில் போட்டு, உண்மையானதுதானா என்று சரிபாருங்கள். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் கடிதங்களில் இந்த எண் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் 'வரி நோட்டீஸ்' பலவும் இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும்.

அடுத்து 143(1) அறிவிப்பைத் (ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்புவது) திறந்து அதிலுள்ள இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் நீங்கள் ரிட்டர்னில் காட்டியது, மற்றதில் பெங்களூரு சிபிசி (ரிட்டர்ன்களைக் கணினியில் பரிசீலிக்கும் துறையின் மையம்) கணக்கிட்டது. என்னிடம் வந்த ஒரு சூப்பர்வைசரின் அறிவிப்பில் வருமானம், கழிவுகள் எல்லாம் ஒத்துப்போயின. டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) என்ற இடத்தில் மட்டும் அவர் காட்டியது 42,600, சிபிசி கணக்கில் 18,400. அவர் பேரில் அரசிடம் வந்து சேர்ந்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸைப் பார்த்தால் முதல் இரண்டு காலாண்டுக்கு மட்டும் பதிவு இருந்தது. அக்டோபரிலிருந்து ஒன்றுமே இல்லை. ஆனால் அவருடைய சம்பளச் சீட்டில் மார்ச் வரை மாதாமாதம் பிடித்தம் அச்சாகியிருந்தது. நிறுவனம் பிடித்திருக்கிறது, அரசுக்குச் செலுத்தவில்லை.

இங்கேதான் 1961 வருமான வரிச் சட்டத்தின் 205-வது பிரிவு கைகொடுக்கிறது. உங்கள் வருமானத்தில் எவ்வளவு வரி பிடிக்கப்பட்டதோ, அந்த அளவுக்கு உங்களையே மறுபடி கட்டச் சொல்லக் கூடாது என்கிறது அது. நிறுவனம் வரியைப் பிடித்த நொடியில் அரசின் சார்பில் பிடிக்கிறது. பிடித்ததைக் கட்டாவிட்டால் நிறுவனத்தை விரட்டும் பொறுப்பு அரசுடையது, அதற்குச் சட்டத்தில் 201-வது பிரிவு இருக்கிறது. இந்தப் பொறுப்பை மாதச் சம்பளக்காரர் தலையில் இறக்குவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. வருமான வரித் துறைக்குத் தலைமையான மத்திய நேரடி வரிகள் வாரியமும் ஏற்கவில்லை: இப்படி எழும் டிமாண்டை வற்புறுத்தி வசூலிக்க வேண்டாம் என்று 2015 ஜூனில் அதிகாரிகளுக்கு எழுதியது, 2016 மார்ச்சில் மறுபடியும் எழுதியது.

ஆதாரம் இல்லாமல் 205 வேலை செய்யாது. பிடித்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அந்த ஆண்டின் எல்லா மாதச் சம்பளச் சீட்டும், நிகரச் சம்பளம் வந்து விழுந்த வங்கிக் கணக்கு அறிக்கையும் வேண்டும். மொத்தச் சம்பளத்தில் பிஎஃப், டிடிஎஸ் எல்லாம் கழித்தால் வங்கியில் வந்த தொகை ரூபாய் பிசகாமல் வர வேண்டும். அந்தக் கணக்கை மாதம் ஒரு வரிசையாக ஒரே தாளில் எழுதி இணையுங்கள். அதிகாரி முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். அப்புறம், படிவம் 16 (நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றிதழ்) கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு அது சாட்சி. நிறுவனம் மூடிக்கிடந்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

இப்போது இணையதளத்தில் 'நிலுவை டிமாண்டுக்குப் பதில்' என்ற பகுதிக்குப் போய், டிமாண்டை ஏற்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ரீஃபண்ட் வரும்போது 245-வது பிரிவின் கீழ் அதைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்வார்கள். கழிப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கும் ஆட்சேபம் பதியுங்கள். இப்படிக் கழிப்பதும் சுற்றி வளைத்து வசூலிப்பதே என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது.

கூடவே 154-வது பிரிவில் திருத்த மனு. இதை சிபிசிக்குப் போடுவதில் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள். அங்கே இயந்திரம் மறுபடி 26ஏஎஸ்ஸைப் பார்க்கும், அதே 18,400-ஐச் சொல்லும். உங்கள் பான் எந்த மதிப்பீட்டு அதிகாரியிடம் இருக்கிறதோ அவருக்கு மனு போடுங்கள். நேரில் போய் ஒரு பிரதி கொடுத்து முத்திரை வாங்குவது நல்லது. மனு ஆங்கிலத்தில் இருப்பது வசதி, நீளம் வேண்டாம். பொருள் இதுதான்: 'அக்டோபர் முதல் மார்ச் வரை என் சம்பளத்தில் 24,200 ரூபாய் வரி பிடிக்கப்பட்டது. ஆதாரம் இணைப்பில் உள்ளது. 205-வது பிரிவின்படி இத்தொகையை என்னிடம் கோர இயலாது. வாரியத்தின் 2015, 2016 அறிவுறுத்தல்களின்படி வசூலை நிறுத்தி, பிடித்தவரிடம் வசூலிக்க வேண்டுகிறேன்.' நிறுவனத்தின் டான் (TAN, வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) எண்ணைச் சேர்க்க மறக்காதீர்கள். அது இருந்தால்தான் டிடிஎஸ் பிரிவு அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வழி பிறக்கும்.

திருத்த மனு போட்டாயிற்று என்று அப்பீலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்பீலுக்கு 30 நாள்தான். திருத்த மனு நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு நிற்காது. படிவம் 35-ஐ இணையத்திலேயே போடலாம். கணக்கிடப்பட்ட வருமானம் 2 லட்சத்துக்கு மேல் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். நாள் தாண்டிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தை நாள்வாரியாக எழுதி மன்னிக்கக் கேட்கலாம். விசாரணை முகமற்ற முறையில், எழுத்திலேயே நடக்கும். காணொளி விசாரணை வேண்டும் என்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும், கேளுங்கள்.

அப்பீல் போட்டாலும் வசூல் தானாக நிற்காது. மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியாக ஸ்டே (வசூலை நிறுத்திவைக்கும் உத்தரவு) கேட்க வேண்டும். '20 சதவீதம் கட்டிவிட்டு வாருங்கள்' என்பார்கள். 2017-இல் வாரியம் வகுத்த பொது அளவு அது. அதைவிடக் குறைத்தும் அதிகாரி ஸ்டே தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கிவிட்டது. டிடிஎஸ் விவகாரத்தில் நான் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டச் சொல்வதில்லை. 205-ஐ மேற்கோள் காட்டி முழு ஸ்டே கேட்கச் சொல்வேன். வங்கிக் கணக்கையே முடக்கும் அளவுக்குப் போனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு என்ற வழி இருக்கிறது.

முதல் அப்பீலில் தோற்றால் தீர்ப்பாயம். ஆணையரின் உத்தரவு கைக்கு வந்த மாதம் முடிந்து இரண்டு மாதம் அவகாசம், படிவம் 36. துறை தோற்றால் அவர்கள் அங்கே உங்களைப் பின்தொடர்வது அரிது. வரித் தொகை 60 லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் பொதுவாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2024 செப்டம்பரில் வாரியம் வரம்பு வைத்திருக்கிறது.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்கு நான் மேலே சொன்ன பழைய எண்களையே எழுதுங்கள்.

ஜெயித்த உத்தரவு வந்ததும் பைலை மூடிவிடாதீர்கள். அதை அமல்படுத்தும் உத்தரவு கேட்டு மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். இணையதளத்தில் டிமாண்ட் பூஜ்யம் ஆனதைப் பார்த்துப் படமெடுத்து வையுங்கள். ஏற்கெனவே ரீஃபண்டில் கழித்திருந்தால், 244ஏ பிரிவின்படி மாதம் அரை சதவீத வட்டியோடு திருப்பித் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்.