பாரம் இழுத்து மலையேறும் பழைய டிரக்குக்கு

மேட்டில் எஞ்சின் சூடேறினால் உடனே பெரிய ரேடியேட்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கன்டென்சருக்கும் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம்) நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் செத்த பூச்சிகளும் மெத்தை போல அடைத்திருக்கும். எஞ்சின் ஆறியபின், விசிறிப் பக்கமிருந்து தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சினால் வந்துவிடும்.

அப்புறம் ஃபேன் கிளச், அதாவது விசிறியை எஞ்சினோடு இணைக்கும் பாகம். நன்றாக ஓடிய எஞ்சினை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றுங்கள். தடையே இல்லாமல் சுழன்றால் மாற்றியே ஆக வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள், உள்ளே அழுத்தம் குறையாமல் இருந்தால்தான் தண்ணீரின் கொதிநிலை உயரும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின், உயரம் கூடும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். அதனால் திணறும் முன்பே கியரைக் குறையுங்கள். எஞ்சின் வேகமாகச் சுழல்வதால் வாட்டர் பம்பும் வேகமாக ஓடும்.