மியூசியத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தால் போதுமா?

கொரோனாவுக்குப் பிறகு அருங்காட்சியகத்தைப் பாதுகாப்பாக மாற்றுகிறோம் என்று கிளம்பியவர்களில் நிறையப் பேர் முதலில் வாங்கியது சானிடைசரும் பிளாஸ்டிக் தடுப்பும்தான். கிருமி காற்றில் மிதந்து வருகிறது, இவர்கள் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பரப்பைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

துடைப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதுபோலச் செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்தில் ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளித்தால் அதிலிருக்கும் குளோரைடு உலோகத்தில் ஏறிவிடும், அப்புறம் காற்றில் ஈரம் இருக்கும்வரை வெளிர்பச்சைப் பொடியாகச் சிலையை அரித்துக்கொண்டே போகும். பழம்பொருள்களைக் கெடாமல் காப்பவர்கள் மத்தியில் இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். தரையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், சிலைப் பக்கம் ஸ்பிரே பாட்டிலே போகக் கூடாது.

சரி, காற்றுக்கு என்ன செய்வது? ஏசி ஓடுகிறதே என்று நிம்மதியாக இருப்பதுதான் அடுத்த தவறு. சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றிவிடும். அதற்காக ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டால் ஈரமும் தூசியும் வந்து ஓலைச்சுவடியையும் துணியையும் பாழாக்கும். நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பானைக் கூடத்துக்குக் கூடம் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். கூடவே ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரும் வையுங்கள், ஆட்கள் விடும் மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று தெரியும். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும், உள்ளே ஆயிரத்தைத் தாண்டினால் கூட்டத்துக்கு ஏற்ற புதுக்காற்று வரவில்லை என்று அர்த்தம். (சுத்திகரிப்பான் ஓடினாலும் மீட்டரில் எண் இறங்காது, ஏனென்றால் அது துகளைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. மெஷின் ரிப்பேர் என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள்.)

கட்டடத்துக்கு மொத்தம் இத்தனை பேர் என்று கணக்குப் போடுவதும் ஏமாற்றும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 2020 ஜூலையில் முன்பதிவு, நேரச் சீட்டு, ஒருவழிப் பாதை எல்லாம் வைத்துத்தான் திறந்தது. ஆனால் அவ்வளவு பெரிய அரண்மனைக்குள் வருபவர்களில் பெரும்பாலோர் போய் நிற்பது மோனாலிசா முன்னால்தானே! கடைசியில் 2025 ஜனவரியில், அந்த ஓவியத்துக்கே தனி அறையும் தனிச் சீட்டும் வரும் என்று பிரான்ஸ் அதிபர் அறிவித்தார். உங்கள் மியூசியத்திலும் அப்படி ஒரு அறை இருக்கும். சீட்டை அந்த அறை தாங்கும் அளவுக்குக் கொடுங்கள்.

ஒருவழி அம்புக்குறி ஒட்டும்போது கழிவறைக்குக் குறுக்குவழி ஒன்று விடுங்கள். கூட்டம் சேரும் என்று பெஞ்சைத் தூக்கியிருந்தால் திரும்பக் கொண்டுவந்து தள்ளித் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டில்தான் உட்காருவார்கள், வழியும் அடைபடும்.