எண்ணெய்க் கசிவுக்குச் செல்லுலோஸ் ஏரோஜெல்: தயாரிப்பதும் பயன்படுத்துவதும்

நீர்ப்பரப்பில் எண்ணெய் கசிந்தால், முதலில் மிதவைத் தடுப்புகளால் அதை வளைத்து, தடித்த படலத்தை அள்ளும் கருவிகளால் அகற்ற வேண்டும். அக்கருவிகளுக்குப் பிடிபடாத மெல்லிய படலத்துக்கும் இடுக்குகளில் தேங்கும் எண்ணெய்க்கும்தான் செல்லுலோஸ் ஏரோஜெல், அதாவது தாவர நாரால் ஆன, நுண்துளைகள் நிறைந்த மிக இலேசான திடப்பொருள், ஏற்றது. பெருங்கசிவு முழுவதையும் இதனாலேயே உறிஞ்சிவிடலாம் என்று எண்ணித் திட்டமிடுவது வீண்.

மரக்கூழ், பஞ்சு, கழிவுக் காகிதம் ஆகியவற்றில் எதிலிருந்தும் நாரைப் பெறலாம். ஆய்வக அளவில், 100 கிராம் நீருக்கு 1 முதல் 2 கிராம் நாரை எடுத்து, கட்டியின்றிக் கலக்க வேண்டும். காகிதம் ஈரத்தில் கிழியாதிருக்கக் காகித ஆலைகள் சேர்க்கும் பாலிஅமைடு எபிகுளோரோஹைட்ரின் பிசினைச் சிறிதளவு சேர்த்தால் நார்கள் ஒன்றோடொன்று பிணையும். கலவையை அச்சில் ஊற்றி உறையவைத்த பின், வெற்றிடத்தில் பனிக்கட்டி நேரடியாக ஆவியாகும்படி உறைநிலையிலேயே உலர்த்த வேண்டும். இதைத் திறந்தவெளியிலோ அடுப்பிலோ உலர்த்தினால், வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை நுண்துளைச் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கிடைப்பது கெட்டியான அட்டைத் துண்டே. மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் பெரிதாகி அகன்ற துளைகளும், விரைவாக உறைந்தால் சிறிய துளைகளும் உருவாகும். உலர்ந்த துண்டை 120 பாகை செல்சியஸில் சுமார் 3 மணி நேரம் சூடாக்கினால் பிசின் இறுகும்.

இந்நிலையில் துண்டு எண்ணெயைவிட நீரையே விரும்பி உறிஞ்சும்; செல்லுலோஸில் உள்ள, நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளே அதற்குக் காரணம். ஆகவே நார்களின் மேல் நீரை விலக்கும் படலம் உருவாக, மூடிய கலனில், மெத்தில்டிரைமெத்தாக்சிசிலேன் என்னும் சிலிக்கான் சேர்மத்தின் ஆவி படும்படி, சுமார் 70 பாகையில் ஓரிரவு வைக்க வேண்டும். இந்த ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. வினையின்போது மெத்தனாலும் வெளியேறும். ஆகையால் புகைபோக்கிக் கூண்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இன்றி இதில் இறங்கக் கூடாது. பிறகு மேற்பரப்பில் ஒரு துளி நீரை வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், ஒரு துண்டை நடுவில் வெட்டி உட்பகுதியிலும் துளியை வையுங்கள். ஆவி உள்வரை செல்லாத துண்டு வெளியே முத்துப்போல் நீரை நிறுத்தும். அலையில் நசுங்கியதும் நீரைக் குடித்து மூழ்கிவிடும்.

கொள்திறனை அறிய, உலர்ந்த எடையைக் குறித்துக்கொண்டு, எண்ணெயில் ஊறவைத்து, 30 விநாடி தொங்கவிட்டு, மீண்டும் எடைபோட வேண்டும். கூடிய எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் விடை கிடைக்கும். கழிவுக் காகிதத்திலிருந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏரோஜெல், தன் எடையைப் போல் 90 மடங்கு வரை கச்சா எண்ணெயை உறிஞ்சியதாக 2016-இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய எண்களை அப்படியே ஒப்பிடுவது சரியன்று: துண்டு எவ்வளவு இலேசோ அவ்வளவுக்கு மடங்கு உயரும், உறுதியோ குறையும்; கையில் எடுக்கும்போதே நொறுங்கும் துண்டின் 90 மடங்கைவிடப் பிழிந்து மறுபடி பயன்படுத்தக்கூடியதன் 30 மடங்கே மேல் என்பது என் கருத்து. சோதனையையும் களத்தில் எதிர்கொள்ளப்போகும் எண்ணெயைக் கொண்டே செய்ய வேண்டும்.

களத்தில் ஏரோஜெல்லை உதிரியாகத் தூவாமல், வலைப்பைகளில் அடைத்து, கயிற்றில் கோத்து, காற்று எண்ணெயை ஒதுக்கும் பக்கத்தில் மிதக்கவிடுங்கள். டீசல் போன்ற இலேசான எண்ணெய் விரைவில் ஏறிவிடும். பிசுபிசுப்பான உலை எண்ணெய் துளைகளுக்குள் மெதுவாகவே நுழையும், குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். அலையில் அடிபட்டு நீருடன் கலந்து தடித்த பால்மமாகிவிட்ட எண்ணெயை ஏரோஜெல் சரியாக உறிஞ்சாது என்பதால், அந்நிலைக்கு முன்பே போட்டுவிடுவது அவசியம். பெட்ரோல் கசிந்த இடத்தில், காற்றிலுள்ள ஆவியின் அளவை அளந்து பாதுகாப்பானது என்று உறுதிசெய்யும் வரை நெருங்கவே கூடாது.

நிரம்பிய பைகளை உடனே எடுத்து, உருளைகளுக்கு இடையே மெல்ல அழுத்திப் பிழிந்தால் எண்ணெயின் பெரும்பகுதியை மீட்கலாம். ஒவ்வொரு பிழிவிலும் துளைகள் சற்றுத் தட்டையாவதால், எடைபோட்டுப் பார்த்து, கொள்திறன் வெகுவாகச் சரிந்த பைகளை ஒதுக்கிவிட வேண்டும். செல்லுலோஸ் மக்கக்கூடியது என்பதற்காக இவற்றைப் புதைப்பது தவறு. எண்ணெய் ஊறிய பை எளிதில் தீப்பற்றும் அபாயக் கழிவு, எனவே மூடிய கலனில் இட்டு அதற்கென உரிமம் பெற்ற நிலையத்திடமே ஒப்படைக்க வேண்டும்.