சேர்வராயன் மலையில் சட்டவிரோத மரவெட்டு: நிற்கக்கூடிய புகாரை எழுதும் முறை

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் காப்புக்காடும் (அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் வனம்) காப்பித் தோட்டங்களும் அடுத்தடுத்துக் கிடப்பதால், மரம் வெட்டப்படுவதைக் கண்டவர் முதலில் அறிய வேண்டியது அந்த நிலத்தின் புல எண் (சர்வே எண்). "நாகலூர் போகும் வழியில்" என்று மட்டும் எழுதிய புகாரை எந்த அலுவலகமும் இன்னொரு அலுவலகத்துக்குத் தள்ளிவிடலாம். புல எண் இருந்தால் அது கடினம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டோ, அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டை (நிலத்தின் வகையைக் காட்டும் கிராமப் பதிவேடு) பார்த்தோ அதை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

காப்புக்காடு என்றால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பொருந்தும். புகார் வனச்சரக அலுவலருக்குப் போக வேண்டும். பட்டா நிலமாயினும் உரிமையாளர் விருப்பம்போல் வெட்டிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குரிய குழுவின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். "சொந்த மரம்தானே" என்ற பதிலைக் கேட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

சாட்சியம்தான் வழக்கின் உயிர். பொதுச் சாலையில் நின்றபடி வெட்டிய அடிமரம், கட்டைகளை ஏற்றும் லாரி, அதன் பதிவெண் ஆகியவற்றைத் தேதி, நேரம், இடக்குறியீட்டுடன் (ஜிபிஎஸ்) படமெடுங்கள். காட்டுக்குள் நுழையவோ வெட்டியவர்களிடம் வாதிடவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இடக்குறியீடு நீங்கிவிடும் என்பதால் மூலப் படத்தை அந்தக் கைபேசியிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழையும் கேட்கிறது. படம் எடுத்தவரே பிறகு அதில் கையொப்பமிட வேண்டியிருக்கலாம்.

புகாரை இரண்டு படிகளாக எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு மனுவைக் கொடுப்பது நல்லது. பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதி, எடுத்த நடவடிக்கையையும் வழங்கிய வெட்டு அனுமதியின் நகலையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

காட்டெருமைக்கு வைத்த சுருக்குக் கம்பியைக் கண்டால் சட்டமும் வழியும் வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, அரசுக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தனிநபரே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். காட்டு நிலமே கட்டடத்துக்கோ சாலைக்கோ திருப்பப்பட்டால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாய (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) அமர்வை அணுகலாம். ஆனால் 6 மாத வரம்பு உண்டு, அலுவலகப் பதிலுக்குக் காத்திருந்து அதைத் தவறவிட வேண்டாம்.